ரம்பம் யார் கையில்?

காய்ந்த கிளையைக் காட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் எனக்குப் பயன்படாத துண்டைத்தான் கொண்டுவருவார்கள். இலை சருகாகி, பிடித்தால் படக்கென்று ஒடிகிற நுனிக்குச்சி. அதையும் பாலித்தீன் பையில் போட்டு, வாயைக் கட்டி, வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலோடு வெயிலாக வந்திருப்பார்கள். பைக்குள் வியர்த்து, கண்ட பூசணமும் அதில் பூத்திருக்கும். செத்த கட்டையில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம். கொன்றது யார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது காய்ந்ததும் பச்சையும் சந்திக்கிற இடம். கத்தியால் பட்டையைச் சீவிக்கொண்டே இறங்கினால் மேலே காப்பித்தூள் நிறம், கீழே பசுமை கலந்த வெள்ளை, இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை அகலத்தில் பழுப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டையும் சேர்த்து அரை அடி வெட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தால் போதும். இதைச் சொல்லிச் சொல்லியே என் பணிக்காலத்தில் பாதி போயிற்று.

படித்தது கோவையில், பயிர் நோயியல். வேலை பார்த்தது பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாந்தோப்புகளில். இடையே சில ஆண்டுகள் கன்னியாகுமரியிலும் கீழ்ப்பழனி மலையிலும். நெல்லில் குலைநோய் வந்தால் ஊரே பதறும். மாங்காயில் கரும்புள்ளி விழுந்தால் வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார் என்பதால் அன்றைக்கே போன் வரும். கிளை காய்ந்தால் மட்டும் யாருக்கும் அவசரமில்லை. "ஒரு கொம்புதானே சார், இவ்ளோ பெரிய மரத்துல கொம்புக்கா பஞ்சம்?" என்பார்கள். பாதி மரம் மொட்டையாகி நிற்கும்போது கூப்பிடுவார்கள். அப்போது நான் சொல்லக்கூடியது கொஞ்சமாகத்தான் இருக்கும்.

மாவில் கிளை காய்வதற்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே என்ற பூஞ்சை. என் தலைமுறை மாணவர்கள் போட்ரியோடிப்ளோடியா என்ற பழைய பெயரில் அதைப் படித்தோம். பதூயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1892-ல், ஈக்வடாரில் கொக்கோ மரத்திலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து அதை முதன்முதலில் விவரித்தார். மா, முந்திரி, கொய்யா, எலுமிச்சை, பலா என்று வெப்ப நாடுகளில் அது தொடாத பழமரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பறித்து வைத்த மாம்பழம் நாலைந்து நாளில் காம்பைச் சுற்றிக் கறுத்து, உள்ளே கூழாகிவிடுகிறதே, அந்தக் காம்பழுகலுக்கும் முக்கியக் காரணம் இதுதான். கிளையில் இருப்பது காம்பு வழியாகப் பழத்துக்குள் இறங்குகிறது. ஆகவே தோப்பில் காய்ந்த கிளையை விட்டுவைத்தவருக்கு அதன் பலன் மண்டியிலும் காத்திருக்கும்.

தோப்புக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது இலையை. தண்ணீர் போதாமல் மெல்ல மெல்லக் காய்கிற கிளை, இலையை உதிர்த்துவிட்டுத்தான் காயும். காம்படியில் இலையைக் கழற்றிவிடும் திசு உருவாக அதற்கு அவகாசம் உண்டு. பூஞ்சை நீர்க்குழாய்களை அடைத்துக் கொன்ற கிளைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அதனால் இலை பழுப்பாகி, ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, உதிராமல் வாரக்கணக்கில் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கொம்பில் மட்டும் தீ வைத்தது மாதிரி இருக்கும். கிட்டே போனால் பட்டையில் கருமை, நெடுக வெடிப்பு, ஆங்காங்கே பிசின். கொஞ்ச நாளான கட்டையில் பட்டையைக் கிழித்துக்கொண்டு குண்டூசித் தலையளவு கரும்புள்ளிகள் எழும்பியிருக்கும். அவை வித்துக்கூடுகள். மழை நனைத்ததும் அவற்றிலிருந்து வித்துகள் பிதுங்கி வெளியே வரும். பட்டையில் துளையும் அதன் கீழே மரத்தூளும் தெரிந்தால் அது தண்டு துளைக்கும் வண்டின் வேலை. ஆனால் வண்டு போட்ட வழியில் பூஞ்சையும் போகும் என்பதால், இரண்டில் ஒன்று என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது.

லேபில் வேலை எளியது, பொறுமை மட்டும் வேண்டும். பழுப்புக் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னச் சில்லுகளாக நறுக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு நிமிடம் போட்டு, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, பிளேட்டில் வைக்க வேண்டும். பிளேட்டில் உள்ள உணவு ஒன்றும் அபூர்வமானதில்லை. ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், கட்டியாக 20 கிராம் அகார். சந்தையில் கிழங்கு வாங்கி லேபில் வேகவைப்போம். புதிதாக வருகிறவர்கள் மதியச் சாப்பாடு இங்கேயா என்று கேட்பார்கள். 28 டிகிரியில் வைத்தால் மற்றப் பூஞ்சைகள் பல ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். இது மூன்றாம் நாளுக்குள் ஒன்பது செண்டிமீட்டர் பிளேட்டை நிரப்பி மூடியைத் தொட்டுவிடும். முதலில் வெள்ளை, பிறகு சாம்பல், வாரம் முடிவதற்குள் கரி.

ஆனால் வித்தைக் காட்டச் சோம்பல்படும். சத்து அதிகமான பிளேட்டில் இழையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். வெறும் அகாரில், கிருமி நீக்கிய பைன் ஊசியிலையை வைத்து, வெளிச்சம் படும்படி விட்டால் சில வாரங்களில் அந்த ஊசியின் மேல் வித்துக்கூடு கட்டும். கொடைக்கானல் போகிறவர்களிடம் ஆளாளுக்கு ஒன்று வாங்கி வரச் சொல்வார்கள். நாங்கள் பைன் ஊசி கேட்போம். கூட்டை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் இளம் வித்துகள் நிறமில்லாமல், ஒற்றை அறையாக இருக்கும். முதிர்ந்தவை அடர் பழுப்பு. நடுவில் ஒரு தடுப்புச் சுவர், நெடுக மெல்லிய வரிகள். அந்த வரிகளைப் பார்த்துவிட்டால் அது எந்தப் பேரினம் என்பதில் சந்தேகம் வேண்டாம். இனம் எது என்பது இப்போது அவ்வளவு சுலபமில்லை. 2008-ல் இதற்குள்ளிருந்தே இரண்டு இனங்களைத் தனியாகப் பிரித்தார்கள். அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. டிஎன்ஏ வரிசையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. கத்தி பிடிக்கிறவருக்கு இதனால் ஒரு வேறுபாடும் இல்லை என்பதால் தோப்பில் நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

தோப்புக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வேறொரு பிளேட்டில் இருக்கிறது. நோயுள்ள கிளையை வளர்க்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கிளையையும் வளர்ப்பது லேப் முறை. அந்த நல்ல கிளையின் பிளேட்டிலும் பல நேரம் இதே கரும்பூஞ்சை வரும். மேலோட்டமான தூசி என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கழுவினாலும் வரும். பச்சைப் பசேலென்று இலை விட்டிருக்கும் கிளைக்குள் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. தொந்தரவு கொடுக்காமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருக்கும். உலகெங்கும் இந்தக் குடும்பத்துப் பூஞ்சைகளை ஆராய்ந்தவர்கள் ஒத்துக்கொள்ளும் உண்மை இது.

இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து என் கேள்வி மாறியது. "பூஞ்சை எங்கிருந்து சார் வந்துது?" என்று தோப்புக்காரர் கேட்பார். பக்கத்துத் தோப்பையோ, ஒட்டுக்கன்று கொடுத்த நர்சரியையோ நான் கைகாட்டுவேன் என்று எதிர்பார்ப்பார். நான் பதிலுக்குப் போன இரண்டு வருடக் கதையைக் கேட்பேன். கோடையில் தண்ணீர் கொடுத்தீர்களா? கவாத்து எப்போது? வெட்டியது யார், எதனால்? காய்ப்பு எப்படி? உள்ளே சும்மா இருந்தது இப்போது ஏன் எழுந்தது என்பதற்கு விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: தாகம், அல்லது காயம்.

தாகத்தைக் கண்ணால் பார்த்தது 2017-ல். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்திருந்தது. அந்தக் கோடையில் பர்கூர், காவேரிப்பட்டினம் பக்கத்து மேட்டு நிலத் தோப்புகளில் மரங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. மழை திரும்பிய பிறகுதான் கிளைகள் வரிசையாகக் காயத் தொடங்கின. "வறட்சியில தாங்கிச்சு, தண்ணி வந்தப்புறம் காயுதே, இதென்ன சார் நியாயம்?" என்று பெங்களூரா மரங்களைக் காட்டி ஒருவர் கேட்டார். மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பிசின் சுரக்க வேண்டும், நீர்க்குழாய்களைத் தானே அடைத்துத் தடுப்புக் கட்ட வேண்டும். இரண்டுக்கும் தண்ணீரும் சேமித்த மாவும் வேண்டும். வறட்சி அந்தச் சேமிப்பைத் தின்றுவிட்டது. பூஞ்சை கோடையிலேயே உள்ளுக்குள் முன்னேறிவிட்டது. நம் கண்ணுக்குத் தெரிந்ததுதான் தாமதம். அதே ஊரில் பாறை ஆழத்தில் இருந்த, வண்டல் படிந்த தாழ்வான தோப்புகளில் சேதம் குறைவு. அங்கேயும் அதே பூஞ்சைதான் குடியிருந்தது.

தளர்ந்த மரத்தைக் காய்க்க வைக்கிற வேலையும் இதோடு சேரும். பூப்பிடிக்க வேரடியில் ஊற்றுகிற பேக்லோபியூட்ரசால் மருந்தைக் கணக்கில்லாமல் பயன்படுத்துகிற தோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மருந்து பூஞ்சையைக் கொண்டுவருவதில்லை. புதுத் துளிரைக் குறைத்து, சத்தைக் காய் பக்கம் திருப்பிவிடுகிறது. தண்ணீரும் எருவும் உள்ள தோப்பு அதைத் தாங்கும். மானாவாரி மரம், அதுவும் வறட்சிக்கு அடுத்த வருடம், எதைக் கொண்டு தாங்கும்?

இனி காயம். மாமரக் கிளையை வெட்ட இங்கே பழக்கப்பட்ட கருவி அரிவாள். ஓங்கிக் கொத்தினால் கிளை விழும். விழும்போது தன் எடையில் அடிப்பக்கப் பட்டையை ஒரு முழம் கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கிழிசல்தான் அடுத்த ஆண்டு எனக்கு வருகிற கேஸ். ரம்பத்தை எடுத்து, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, அதைத் தாண்டி மேலிருந்து அறுத்தால் கிளை கிழிக்காமல் விழும். மிச்சக் கட்டையை மூன்றாவது அறுப்பில் எடுக்க வேண்டும். எவ்வளவு ஒட்டி எடுப்பது என்பதில்தான் இரண்டு விதக் கட்சிகள். சிலர் தாய்க்கிளையோடு மழமழவென்று சீவிவிடுவார்கள். சிலர் பின்னால் கால் வைத்து ஏற வசதியாக ஒரு சாண் விட்டுவைப்பார்கள். இரண்டும் மரத்துக்குக் கெடுதல்.

கிளை பிறக்கும் இடத்தில் வளையம் போல ஒரு புடைப்பு இருக்கும். அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பிளந்து பார்த்து, அந்தப் புடைப்பில்தான் மரம் தன் தடுப்புச் சுவரைக் கட்டுகிறது என்று காட்டினார். 1977-ல் அதை ஒரு கோட்பாடாக வெளியிட்டார்கள். மனிதத் தோலைப் போல மரம் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, மேலே புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. புடைப்பைச் சீவினால் சுவர் கட்டும் ஆளையே அப்புறப்படுத்தியதாகிவிடும். சாண் கட்டையை விட்டால் அது செத்து, பூஞ்சைக்கு உணவாகி, சுவரை இடைவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். புடைப்பை விட்டு, அதற்கு வெளியே ஒட்டி அறுப்பதுதான் சரி. கிழடுதட்டிய மரங்களில் புடைப்பு தெரியாது. அங்கே விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நுனி காய்ந்த கொம்பை எங்கே வெட்டுவது என்பது இன்னொரு கேள்வி. காய்ந்த இடத்திலிருந்து மூன்று அங்குலம் கீழே என்பது கையேடு சொல்லும் அளவு. விரல் கனமுள்ள குச்சிக்கு அது போதும். கை கனமுள்ள கிளைக்குப் போதாது. பட்டை பச்சையாக இருக்கிற இடத்திலும் உள்மரத்தில் பழுப்புக் கறை ஓடியிருக்கும். வெட்டியதும் வெட்டுமுகத்தைப் பார்க்க வேண்டும். முகம் முழுக்க ஒரே வெளிர் நிறமாக வரும்வரை இறங்க வேண்டும். "இன்னும் கீழயா சார்?" என்று ரம்பத்தை வைத்துக்கொண்டு மேலிருந்து கேட்பார்கள். கறை தெரிகிறவரை இறங்கத்தான் வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். வெட்டிய கட்டையை அடுப்புக்கு ஆகும் என்று வரப்பில் அடுக்கக் கூடாது. செத்த கட்டையில்தான் வித்துக்கூடு கட்டும். அடுத்த மழைக்கு அந்த அடுக்கே தோப்புக்கு வித்து தூவும்.

வெட்டுவாயில் போர்டோ பசை. 1885-ல் பிரான்சில் மில்லர்தே திராட்சைக்காக வெளியிட்ட கலவையின் கெட்டி வடிவம் இது: ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர். பாதித் தண்ணீரில் துத்தம், பாதியில் நீற்றிய சுண்ணாம்பு என்று தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ மண்ணாகவோ இருக்கலாம், இரும்பு கூடாது. பளபளப்பான கத்தி ஒன்றை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பூசிவிட வேண்டும். ஷைகோவின் வழிவந்தவர்கள் காயத்தில் எதையும் பூசாதே என்பார்கள். பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்பதற்குச் சோதனைகளும் காட்டுவார்கள். அவர்கள் சொல்வது நீண்டகால அழுகலைப் பற்றி. நம் ஊரில் எனக்குக் கவலை முதல் சில வாரங்கள். அந்தப் பச்சைக் காயத்தில் வித்து விழுந்து முளைக்காமல் இருந்தால் போதும். அதைச் செம்பு செய்யும். மற்றபடி பசை மருந்தல்ல. அரிவாளால் கிழித்துவிட்டு மேலே நீலம் பூசினால் ஒரு புண்ணியமும் இல்லை.

பூசுவதைவிடப் பெரியது வெட்டுகிற நாள். ஆஸ்திரேலியாவில் ஆப்ரிகாட் மரங்களின் கிளைக்கருகலை ஆராய்ந்த கார்ட்டர், 1950-களில் தொடங்கி நீண்ட காலம் உழைத்து, யூட்டைப்பா என்ற பூஞ்சையின் வித்துகள் மழையோடு வெளிப்பட்டுக் கவாத்துக் காயங்கள் வழியாகவே நுழைகின்றன என்று நிறுவினார். பூஞ்சை வேறு, நாடு வேறு. பாடம் நமக்கும் பொருந்தும். இங்கே மாம்பழ அறுவடை ஜூலையில் முடியும். கவாத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர். அந்த மாதங்களில் மழையும் உண்டு, இடையே வெறிப்பும் உண்டு. வெறிப்பு நாட்களைப் பிடித்து வேலையை முடிக்க வேண்டும். கூலியாட்கள் மற்ற வேலை இல்லாத மழைநாளில்தான் கவாத்துக்குக் கிடைப்பார்கள் என்பது தோப்புக்காரரின் கஷ்டம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழை பெய்கிற நாளில் வெட்டுவதற்கு வெட்டாமலே இருக்கலாம்.

கன்னியாகுமரியில் நான் பார்த்தது வேறு ஆள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும். ரப்பர், பலா, கிராம்பு எல்லாம் நெருக்கமாக நிற்கும். அங்கே கிளைகளைக் கொல்வது இளஞ்சிவப்பு நோய். கார்ட்டிசியம் என்று நாங்கள் படித்த அந்தப் பூஞ்சையை 1870-களில் பெர்க்லியும் புரூமும் இலங்கையிலிருந்து போன மாதிரிகளை வைத்து விவரித்தார்கள். இது ஒளிந்திருப்பதில்லை. கிளை பிரிகிற கவட்டையில், தண்ணீர் தேங்கி ஈரம் காயாத இடத்தில், முதலில் ஒட்டடை மாதிரி வெள்ளை இழை படரும். அடுத்து வெண்மையான சிறு கொப்புளங்கள். பிறகு பட்டை மேல் ரோஜா நிறப் பூச்சு. அந்த நிறம் தெரியும்போது உள்ளே பட்டை செத்திருக்கும். மேலே இலை மஞ்சளாகும், கீழே மரம் அவசர அவசரமாகப் புதுத் துளிர் விடும். ஒட்டடைக் கட்டத்தில் பிடித்துச் சுரண்டிப் பசை பூசினால் கிளை பிழைக்கும். சிவப்பு வந்த பிறகு ரம்பம்தான்.

அங்கே ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆர்ஆர்ஐஐ 105 ரகத்துக்கு இந்த நோய் எளிதில் பிடிக்கும் என்று தெரியும். ஜூனில் மழை இறங்குமுன் இளமரங்களின் கவட்டையில் போர்டோ பசை தேய்த்துவிடுவார்கள். அதே வளவில் நிற்கும் பலாவை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "சாரே, ரப்பருக்கு தேய்ப்போம். சக்கைக்கு போய் யாராவது தேய்ப்பாவளா?" என்று பதில் வந்தது. பாலுக்கு மாதா மாதம் காசு. சக்கை சும்மா காய்ப்பது. எந்தக் கிளையால் வரவு தெரிகிறதோ அந்தக் கிளைக்குத்தான் பசை என்ற கணக்கை அங்கேதான் தெளிவாகப் பார்த்தேன்.

பூஞ்சை கிடைத்துவிட்டது என்பதற்காகக் குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று சொல்லக் கூடாது என்பதையும் இந்தத் தொழில் கற்றுக்கொடுக்கும். ஓமன் நாட்டில் 1998 வாக்கில் மாமரங்கள் திடீர் திடீரென்று பட்டுப்போயின, பாகிஸ்தானிலும் அப்படியே. பிளேட்டில் எல்லாம் லாசியோடிப்ளோடியா வந்தது. அதன் தலையில் பழி விழுந்தது. உண்மையில் முன்னின்று கொன்றது செரட்டோசிஸ்டிஸ் என்ற மெதுவாக வளரும் பூஞ்சை. அதைச் சுமந்துபோய்ச் சேர்த்தது பட்டைக்குள் துளைக்கும் ஒரு சின்ன வண்டு. வேகமாக வளர்வது பிளேட்டை மூடிவிட்டதால் மெதுவானது கண்ணில் படாமல் போயிற்று. இதற்குக் கேரட் வைத்தியம் ஒன்று உண்டு. சந்தேகப்படும் மரச்சில்லை இரண்டு கேரட் வில்லைகளுக்கு நடுவே வைத்து ஈரமாக மூடிவைத்தால், ஒரு வாரத்தில் செரட்டோசிஸ்டிஸ் கேரட் மேல் நீண்ட கழுத்துள்ள கரிய கூடுகளைக் கட்டும். மாதுளை வாடலுக்கும் இதே சோதனைதான். மரம் ஒரு பக்கமாகத் திடீரென்று பட்டுப்போனால் நான் முதலில் கடைக்குப் போய்க் கேரட் வாங்குவது இதனால்.

கீழ்ப்பழனியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காப்பிக்கு நடுவே நின்ற கமலா ஆரஞ்சு மரங்கள் இதைவிடக் கடினமான பாடம். அங்கேயும் நுனிக்கிளைகள் காய்ந்தன. பிளேட்டில் கொலட்டோட்ரைகம் வரும், லாசியோடிப்ளோடியாவும் வரும். செம்பு மருந்து அடித்தவர்களுக்கு மரம் மீளவில்லை. காரணம், அங்கே அசுவினி சுமக்கும் டிரிஸ்டிசா வைரசும், சில்லிடு பூச்சி சுமக்கும் பசுமை நோய்ப் பாக்டீரியாவும் மரத்தை உள்ளிருந்து சாய்த்துக்கொண்டிருந்தன. பூஞ்சை கடைசியில் வந்து கணக்கை முடித்தது. அந்த மரத்துக்குக் கவாத்தும் பசையும் சொல்வது ஏமாற்று. நோயற்ற கன்று, பூச்சிக் கட்டுப்பாடு, தேவைப்பட்டால் மரத்தையே எடுப்பது என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கிறவர் முகம் வாடும். சொல்லாமல் இருக்க முடியாது.

புயல் வேறு விதமான வேலை கொடுத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஏக்கர் ஏக்கராகச் சாய்ந்தன. விழுந்த மரங்களுக்குக் கணக்கெடுப்பும் நிவாரணமும் இருந்தன. பிளந்த கிளைகளோடு நின்ற மரங்களைத்தான் யாரும் எண்ணவில்லை. முறிந்த முனை சிலாம்பு சிலாம்பாக நிற்கும்; தண்ணீர் தேங்கும்; ஒவ்வொன்றும் வாசல். அவற்றை ரம்பத்தால் திருத்திச் சாய்வாக வெட்டிப் பசை பூசிய தோப்புகளும், நேரமில்லாமல் அப்படியே விட்ட தோப்புகளும் பிறகு வெவ்வேறாகத்தான் நின்றன. இழந்த துக்கத்தில் இருப்பவரிடம் போய் நிற்கிற மரத்தைக் கவனி என்று சொல்வது கல்நெஞ்சுக்காரன் பேச்சாகத் தோன்றும். ஆனால் அவருக்கு மிச்சமிருந்த முதல் அதுதான்.

இத்தனையும் பார்த்துவிட்டு மறுபடி கிருஷ்ணகிரித் தோப்புக்கு வந்தால், நோயின் வேர் எனக்கு மரத்தில் தெரிவதில்லை, பத்திரத்தில் தெரிகிறது. இங்கே பல தோப்புகள் குத்தகைக்குப் போகின்றன. பூவைப் பார்த்தோ, பிஞ்சைப் பார்த்தோ, சில ஆண்டுகளுக்கு மொத்தமாகவோ வியாபாரி விலை பேசுவார். மருந்தடிப்பது, காவல், பறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு வேண்டியது அந்தப் பருவத்துக் காய். தொரட்டி எட்டாத கொம்பில் ஆள் ஏறி மிதிப்பார், முறிந்தால் முறிந்தது. கவாத்து அவர் கணக்கில் வராது, ஏனென்றால் அதன் பலன் வரும்போது அவர் இருக்க மாட்டார். நிலக்காரர் ஊரில் இல்லை, அல்லது பணம் வாங்கிய பிறகு தோப்புக்குள் போவது மரியாதையில்லை என்று நினைக்கிறார். காயத்தை உண்டாக்குகிறவர் ஒருவர், அதன் விளைவைச் சுமக்கிறவர் இன்னொருவர். நடுவே பூஞ்சை தனக்குக் கிடைத்த ஓராண்டு, ஈராண்டு அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. வியாபாரியைத் திட்டிப் பயனில்லை. யாரும் கேட்காததை அவர் ஏன் செய்வார்?

அதனால் இப்போதெல்லாம் காய்ந்த கிளையோடு வருகிறவரிடம் குத்தகைப் பேச்சையே எடுக்கிறேன். பத்திரத்தில் நாலு விஷயம் எழுதச் சொல்கிறேன். பறிப்பில் முறிந்த கிளையை அந்தப் பருவத்துக்குள்ளேயே ரம்பத்தால் திருத்த வேண்டும். கடைசிப் பறிப்பு முடிந்ததும், மழையில்லாத நாட்களில், காய்ந்த கொம்புகளை எடுத்துத் தோப்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்த வேண்டும். அதற்கான கூலி குத்தகைத் தொகையிலேயே கழியலாம். பூப்பிடிக்க மருந்து ஊற்றுவதானால் நிலக்காரரைக் கேட்டுத்தான் ஊற்ற வேண்டும். கோடைத் தண்ணீர் யார் பொறுப்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். "இதெல்லாம் எழுதினா யாரு சார் குத்தகைக்கு வருவாங்க?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எழுதிப் பார்த்தவர்கள் சிலரும் உண்டு. அவர்கள் தோப்புக்கும் வியாபாரி வந்துகொண்டுதான் இருக்கிறார்.

கொண்டுவந்த துண்டு சரியான துண்டாக இருந்தால், பூஞ்சையின் பெயரை ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடுவேன். அந்த நாலு வரி பத்திரத்தில் ஏறாவிட்டால் அடுத்த ஆண்டும் அதே தோப்புக்கு அதே பெயரைத்தான் சொல்வேன்.